மஞ்சள் பூவும் மணல் மேடும்: ஒரு வறட்சிச் செடியின் வரலாறு

நம் பூங்காவின் புல்தரையை எடுத்துவிட்டு, தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளை வைக்கலாம் என்ற யோசனை கமிட்டியின் முன் இருப்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். நானும் அந்தக் கட்சிதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஒரு லாரித் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருந்த ஊர் இது. குளிக்கும் தண்ணீரை வாளியில் அளந்துகொண்டு, புல்லுக்குக் குழாயைத் திறந்துவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஆனால் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய செடிப் பட்டியலில் ஒரு வரி என்னை நிறுத்தியது. வறட்சியைத் தாங்கும் மஞ்சள் டெய்சிப் புதர், விதை போட்டாலே சுலபமாக வரும், பூச்சி அண்டாது, பராமரிப்பே வேண்டாம். என்ன செடி என்று பெயர் இல்லை. இதே நான்கு நற்சான்றுகளோடு ஒரு செடி தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செடி வாங்குவதற்கு முன் படித்துவிடுவது நல்லது.

செடியின் பழைய தாவரவியல் பெயர் ஆஸ்டியோஸ்பெர்மம் மோனிலிஃபெரம். 1753-ல் லின்னேயஸ் வைத்தது. நடுவில் கிரிசாந்திமாய்டிஸ் என்று மாற்றினார்கள். இப்போது மீண்டும் பழைய பெயருக்கே பலர் திரும்பியிருக்கிறார்கள். பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆஸ்டியோ என்றால் எலும்பு, ஸ்பெர்மம் என்றால் விதை. மோனிலிஃபெரம் என்றால் மணிமாலை அணிந்தது. பூ உதிர்ந்த பிறகு காய்கள் மாலையில் கோத்த மணி மாதிரி வட்டமாக நிற்கும். பச்சையாக இருந்து கறுப்பாகப் பழுக்கும். சதை காய்ந்து போனால் உள்ளே எலும்பு நிறத்தில் கல் போன்ற விதை. அதனால் ஆங்கிலத்திலும் 'எலும்பு விதை' என்ற பொருளில் போன்சீட் என்கிறார்கள். சாமந்தி, சூரியகாந்தி சேர்ந்த அதே குடும்பம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் சதைப்பற்றுள்ள பழம் தரும் செடி அபூர்வம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

தென்னாப்பிரிக்காவின் கடலோரத்தில் இது சாதாரணமான புதர். உள்ளூர்ப் பெயர் பிட்டூ. கோய் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். பிளட்டன்பர்க் பே ஊர் அடங்கிய நகராட்சிக்கே பிட்டூ என்றுதான் பெயர். ஆஃப்ரிகான்ஸ் மொழிக்காரர்கள் பழத்தைப் பார்த்து 'உண்ணிப் பழம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி மாதிரி இருக்குமாம். பழம் இனிப்பு. மனிதர்களும் தின்பார்கள், பறவைகளும் தின்னும். மணல் மேட்டில் முதலில் முளைக்கும் செடிகளில் இதுவும் ஒன்று. மணலைப் பிடித்து நிறுத்திவிட்டு, சில வருடங்களில் மற்ற செடிகளுக்கு இடம் விட்டு ஒதுங்கிவிடும். இலையைத் தின்ன, குருத்தைத் துளைக்க, விதையை அரிக்க என்று ஏராளமான பூச்சிகள் அங்கே அதை நம்பியே வாழ்கின்றன. வரவுக்குத் தகுந்த செலவு. அதனால் சொந்த ஊரில் யாருக்கும் அது தொந்தரவு இல்லை.

இந்தச் செடி ஆஸ்திரேலியாவுக்கு ஒரு முறை அல்ல, இரண்டு முறை போயிருக்கிறது.

முதல் முறை தோட்டச் செடியாக. 1852-ல் சிட்னியிலும், 1858-ல் மெல்போர்னிலும் தோட்டங்களில் இருந்ததற்குப் பதிவு உண்டு. இது நிமிர்ந்து வளரும் வகை. ஐந்து முதல் எட்டு இதழ்கள் கொண்ட மஞ்சள் பூ. புதிய நாட்டில் வீடு கட்டியவர்களுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருந்தது. விதை போட்டால் வரும். மழை பொய்த்தாலும் நிற்கும். குளிர்காலம் முடியும் நேரத்தில் புதர் முழுக்க மஞ்சள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் ஒரு கைப்பிடி விதை கொடுத்தால் போதும். இன்றைக்கு நாம் 'நீர் சிக்கனத் தோட்டம்' என்று சொல்வதை, அந்தப் பெயர் இல்லாமலேயே அவர்கள் செய்தார்கள்.

(பெயர் வந்தது மிகவும் பிந்தி. 1981-ல் அமெரிக்காவில் டென்வர் நகரின் குடிநீர் வாரியம்தான் 'ஜெரிஸ்கேப்' என்ற சொல்லை உண்டாக்கியது. ஜெரோஸ் என்றால் கிரேக்கத்தில் உலர்ந்தது. இன்று நமக்கு வரும் தோட்டக் குறிப்புகளில் பாதிக்கு மேல் அதன் வழித்தோன்றல்கள்தான்.)

இரண்டாம் முறை வந்தது வேறு வகை. தரையோடு படரும், பதினொன்று முதல் பதின்மூன்று இதழ்கள், கடல் மணலுக்கு இன்னும் பொருத்தமானது. இதற்குத்தான் ஆஸ்திரேலியாவில் பிட்டூ புஷ் என்று பெயர். யாரும் கூப்பிட்டு வரவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நியூகாசில் என்ற நிலக்கரித் துறைமுகம் இருக்கிறது. நிலக்கரி ஏற்ற வரும் கப்பல்கள் காலியாக வர முடியாது, கவிழ்ந்துவிடும். அதனால் புறப்படும் ஊரிலேயே மணலையும் கல்லையும் அடிப்பாரமாக ஏற்றிக்கொண்டு வந்து, இங்கே கொட்டிவிட்டு நிலக்கரியை ஏற்றிக்கொள்ளும். அப்படிக் கொட்டிய மணலோடு வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. 1908-ல் நியூகாசிலுக்கு எதிர்க்கரையான ஸ்டாக்டனில் முதன்முதலாக இதைப் பறித்துப் பதிவு செய்தார்கள்.

இது வரைக்கும் தற்செயல். அடுத்து நடந்தது திட்டமிட்டது.

அந்த மாநிலத்தின் கடற்கரை மணலில் ரூட்டைல், சிர்கான் போன்ற கனிமங்கள் உண்டு. நம் மணவாளக்குறிச்சி மணல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கனிமங்களுக்காக மணல் மேடுகளைத் தோண்டினார்கள். செடி கொடிகளை எடுத்துவிட்டால் மணல் நிற்குமா? காற்றடித்தால் சாலைக்கும் வீட்டுக்கும் வந்தது. அதை நிறுத்த, அம்மாநில மண் பாதுகாப்புத் துறை 1946 முதல் 1968 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், இந்தப் பிட்டூ புதரைக் கடற்கரை நெடுக நட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பலர் அந்தத் துறையை முட்டாள்கள் மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணி என்ன? மணலை நிறுத்துவது. செலவு? குறைவு. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, உப்புக் காற்று ஒன்றும் செய்யாது, சீக்கிரம் மூடிக்கொள்ளும். மணல் நின்றது. அந்த ஆண்டு அறிக்கையில் எழுதுவதற்கு எல்லாம் திருப்திகரமாகத்தான் இருந்திருக்கும். எழுதப்படாமல் போனது ஒன்றே ஒன்று: நட்ட இடத்திலேயே அது நிற்குமா என்ற கேள்வி.

விதைக் கணக்கைப் பாருங்கள். நன்றாக வளர்ந்த ஒரு புதர் ஒரு வருடத்தில் 48,000 விதை வரை தரும். தோட்ட வகையான போன்சீட் 50,000 வரை. சாதாரண டெய்சிச் செடியின் விதை காற்றில் பறக்கும், அல்லது அடியில் விழும். இதுவோ பழம். பறவை தின்று பறந்து போய், வேறோர் இடத்தில் மரத்தடியில் எச்சமிடும். ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டு வந்து விட்ட நரிகளும் இந்தப் பழத்தைத் தின்று பரப்பின. கடினமான ஓட்டோடு வெளியே வரும் விதைகளில் எல்லாம் உடனே முளைப்பதில்லை. சில இந்த வருடம், சில அடுத்த வருடம், மீதி மண்ணுக்குள் வைப்பு நிதி மாதிரி கிடக்கும். பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும் என்று கண்டிருக்கிறார்கள். காட்டுத்தீ வந்து மேலே உள்ளதெல்லாம் எரிந்தால், ஓடு வெடித்து அத்தனையும் ஒரே நேரத்தில் முளைக்கும். பிடுங்கிவிட்டோம் என்று கை தட்டிக்கொண்டு திரும்பியவர்கள் அடுத்த வருடம் வந்து பார்த்தால், ஒரு புதர் இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான கன்றுகள்.

அதோடு, சொந்த ஊரில் அதைத் தின்ற பூச்சிகள் எதுவும் கப்பலேறி வரவில்லை. 'பூச்சி அண்டாது' என்பதற்கு உண்மையான அர்த்தம் இதுதான். தோட்டக்காரருக்கு நிம்மதி, ஆனால் அந்தச் செடிக்கு அங்கே தடுப்பே இல்லை என்பதும் அதே வாக்கியம்.

1980-களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கில் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் பிட்டூ இருந்தது. 2001 கணக்கில் 80 சதவீதம், சுமார் 900 கிலோமீட்டர். நட்டதை நிறுத்தி அப்போது முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது! அந்த மாநிலத்தில் 150-க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் தாவர இனங்களுக்கு இதனால் ஆபத்து என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். 1999-ல் நாட்டின் மிக முக்கியமான இருபது களைகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். பிட்டூவும் போன்சீட்டும் அதில் சேர்ந்தன. இன்று அங்கே அதை விற்கவோ நடவோ கூடாது.

ஒழிப்பதற்குச் செய்தவை தனிக் கதை. தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போய், அங்கே இந்தச் செடியைத் தின்னும் பூச்சிகளைத் தேடி, மற்ற பயிர்களைத் தொடாது என்று சோதித்து, கொண்டுவந்து விட்டார்கள். குருத்தைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சி 1989-ல் விடப்பட்டது. விதையைத் தின்னும் ஓர் ஈ 1996-ல். ஈ நன்றாகவே பரவி, விதை உற்பத்தியைக் குறைத்தது. ஆனால் செடி போகவில்லை. மருந்து தெளிக்கிறார்கள். கையால் பிடுங்கவும் செய்கிறார்கள். மெல்போர்ன் பக்கம் யூ யாங்ஸ் என்ற பாறைக் குன்றுகளில் தன்னார்வலர்கள் வருடா வருடம் போன்சீட் பிடுங்கப் போகிறார்கள். மொத்தமாகப் பிடுங்கவும் முடியாது. பிடுங்கினால் மணல் மறுபடி பறக்கும். அந்தப் புதரிலேயே கூடு கட்டப் பழகிவிட்ட பறவைகளும் இருக்கின்றன. கொஞ்சம் எடுத்து, அந்த இடத்தில் உள்ளூர்ச் செடி நட்டு, அது பிடித்த பிறகு அடுத்த கொஞ்சம். பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்து மட்டும், 1980-களிலேயே, பரப்பு சிறியதாக இருக்கும்போதே விடாமல் துரத்தியதால் ஏறக்குறையத் தப்பித்தது. கடனை முளையிலேயே அடைத்தவர்கள்.

இனி கதையின் மறுபாதி. படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

பிட்டூ பிறந்த தென்னாப்பிரிக்காவிலும் மணல் பறக்கும் பிரச்சினை இருந்தது. கேப் டவுனுக்கு வெளியே கேப் ஃப்ளாட்ஸ் என்று ஒரு மணல்வெளி. அதன் குறுக்கே சாலை போட்ட 1840-களின் காலத்திலிருந்து, மணலை நிறுத்துவதற்காக அங்கே அரசாங்கம் நட்டது எதைத் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் அகேசியா மரங்களை! நம் நீலகிரியில் வாட்டில் என்று சொல்கிறோமே, அந்த இனத்தின் உறவுகள். அதில் ஒன்றுக்கு அங்கே போர்ட் ஜாக்சன் என்று பெயர். போர்ட் ஜாக்சன் என்பது சிட்னித் துறைமுகம். மரமோ ஆஸ்திரேலியாவின் மறுகோடியான மேற்குப் பகுதியைச் சேர்ந்தது. பெயர் விசாரிப்பதில்கூட அவ்வளவு அக்கறை. அந்த அகேசியாக்கள் கேப் பகுதியில் பரவி, அங்கிருந்த பிட்டூவையும் மற்றச் செடிகளையும் அமுக்கின. அதே பிட்டூ ஆஸ்திரேலியாவில் அகேசியாக்களை அமுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாடும் ஒரே வேலைக்கு ஒன்றின் செடியை மற்றொன்று வாங்கி, இரண்டும் நஷ்டப்பட்டன. இரண்டு கரையிலும் அந்த வேலைக்குத் தகுந்த செடி ஏற்கெனவே முளைத்துக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீர்க் கணக்கில் தென்னாப்பிரிக்காவின் நஷ்டம் இன்னும் பெரியது. வெளிநாட்டு மரங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதி மலைகளிலும் ஏறிவிட்டன. அங்கிருந்த குட்டைப் புதர்களைவிட இவை பல மடங்கு தண்ணீர் குடிப்பவை. இந்த மரங்களை வெட்டுவதற்கென்றே 1995-ல் அந்த அரசாங்கம் ஒரு பெரிய வேலைவாய்ப்புத் திட்டம் தொடங்கியது. 2018-ல் கேப் டவுன் குழாய்கள் நிற்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது வந்த ஒரு மதிப்பீட்டின்படி, அந்த மரங்களால் நகரம் வருடத்துக்கு இழக்கும் தண்ணீர் 5,500 கோடி லிட்டர். நகரத்தின் இரண்டு மாதத் தேவை. மணலை நிறுத்த நட்டது ஊரின் தண்ணீரைக் குடித்தது.

நமக்கும் இது புதிதல்ல. சீமைக் கருவேலம் 1877-ல் சென்னை மாகாணத்தில், கடப்பா பக்கம், வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கும் என்று விதை வரவழைத்து வளர்க்கப்பட்டது. அன்றைக்கு அதற்குச் சொன்ன காரணங்களும் நியாயமானவைதான். ராமநாதபுரம் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அந்த மரத்தை வைத்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களும் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு செடி பரவிய பிறகு அதை நம்பி ஆட்களும் வந்துவிடுவார்கள். அதற்குப் பின் 'வேண்டாம்' என்று சொல்வது யாருக்கும் சுலபமில்லை.

ஆகவே 'வறட்சியைத் தாங்கும்' என்பது ஒரு தகுதி; அதுவே முழு ஜாமீன் ஆகாது. பட்டியலில் உள்ள செடிக்கு முதலில் தாவரவியல் பெயர் வேண்டும். பிறகு அது எந்த ஊர்ச் செடி, விதையை யார் எடுத்துப் போகிறார்கள், இங்கே அதைத் தின்ன ஏதாவது இருக்கிறதா, வேண்டாம் என்றால் எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் டெய்சிப் புதர் என்று ஒரே பெயரில் விற்பவற்றில் சாதுவானவையும் உண்டு, பிட்டூ மாதிரியானவையும் உண்டு. விதைப் பாக்கெட்டின் படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதற்கு வெளிநாடு போக வேண்டாம். நம் பின்பக்கச் சுவரோரம் மஞ்சள் பூவோடு படர்ந்திருக்கிறதே, நர்சரிக்காரர்கள் வெடிலியா என்று தருவது, அது வெப்ப மண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற சர்வதேசப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. விதையால் அல்ல, தண்டால் பரவும். கணு மண்ணில் பட்டால் வேர் விடும். ஆகவே வெட்டிய கொடியை ஏரிக்கரையில் கொட்டச் சொல்லாதீர்கள். மூட்டையில் கட்டி வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகுதான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். இன்னொன்று: சிலர் அதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துக் கீரைக்குப் பறிப்பதைப் பார்க்கிறேன். அது வேறு, இது வேறு. இதன் இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். சமையலுக்கு வேண்டாம்.

மஞ்சள் நிறமே வேண்டுமென்றால், விதையிலிருந்தே வளர்க்க வேண்டுமென்றால், என் ஓட்டு ஆவாரைக்கு. டெய்சி இல்லைதான். ஆனால் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஊர்க்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. தோல் பதனிடுபவர்களுக்கு ஒரு காலத்தில் இதன் பட்டை பெரிய சரக்கு. தண்ணீர் ஊற்றாமல் கோடையைத் தாண்டும். வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இலையைக் கடித்து ஓட்டை போடும், போடட்டும். இதற்கும் விதை ஓடு கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அதிலேயே ஓர் இரவு ஊற விட்டு, ஊதிப் பெருத்த விதையை மட்டும் பையில் ஊன்றினால் நன்றாக முளைக்கும். ஆடியில் பையில் போட்டு, ஐப்பசி மழையில் தரையில் நடலாம். ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி என்பதால் பையில் அதிக நாள் வைத்திருக்கக் கூடாது. விதை கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் அசோசியேஷன் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், ஆளுக்கு ஒரு பொட்டலம் அனுப்பி வைக்கிறேன்.